காய்ச்சல் வருமுன்னே பரவும் வைரஸ்: தொற்றும் அறிகுறியும் ஏன் ஒரே நாளில் வருவதில்லை

கோவிட் வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் மூன்று கேள்விகள் ஓயவே இல்லை. காய்ச்சலே இல்லாத ஒருவரிடமிருந்து எப்படித் தொற்றியது? நேற்று டெஸ்ட்டில் நெகட்டிவ் வந்தவருக்கு இன்று எப்படி பாசிட்டிவ் ஆனது? ஒரு வாரம் வெறும் சளியோடு நடமாடிக்கொண்டிருந்தவருக்கு எட்டாம் நாள் ஏன் மூச்சு திணறியது?

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். வைரஸுக்கு ஒரு நாள்கணக்கு, உடம்புக்கு ஒரு நாள்கணக்கு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பரவுவது வைரஸின் கணக்கில் நடக்கிறது. அறிகுறி என்று நாம் சொல்வது பெரும்பாலும் உடம்பின் கணக்கில் வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் 14 நாள் தனிமைப்படுத்தல் எங்கிருந்து வந்தது, ஒரே மாத்திரை சிலருக்கு உயிர் காத்து வேறு சிலருக்கு ஏன் பயன்படாமல் போனது என்பது வரை புரியத் தொடங்கும்.

முதலில் நான்கு சொற்கள்

செய்தியில் இவற்றை மாற்றி மாற்றிப் போடுவதால்தான் பாதிக் குழப்பம்.

1. தொற்று: வைரஸ் உடம்புக்குள் போய்ப் பெருகத் தொடங்கிவிட்டது. அவ்வளவுதான். ஆளுக்கு ஒன்றும் தெரியாமலே இருக்கலாம்.

2. நோய்: அந்தத் தொற்றால் உடம்பில் தொந்தரவு தெரிய ஆரம்பித்த நிலை. கோவிட்-19 என்பது நோயின் பெயர், அதை உண்டாக்கும் வைரஸின் பெயர் சார்ஸ்-கோவ்-2.

3. அடைகாலம்: தொற்றிய நாளிலிருந்து முதல் அறிகுறி தெரியும் நாள் வரை உள்ள இடைவெளி. 2020-இல் பரவிய முதல் வகைக்கு இது நடுத்தரமாக 5 நாள். அறிகுறி வருபவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் பதினோரு பன்னிரண்டு நாளுக்குள் வந்துவிடும் என்று அன்றைய ஆய்வு காட்டியது. 14 நாள் என்ற விதி அதற்கு மேல் கொஞ்சம் பாதுகாப்பு சேர்த்துப் போட்டதுதான்.

4. பரப்பும் காலம்: ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வைரஸ் போகக்கூடிய நாட்கள். இது அடைகாலம் முடிந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மொத்தச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

உள்ளே போனதும் என்ன நடக்கிறது

இந்த வைரஸின் மேற்பரப்பில் ஸ்பைக் என்ற புரதம் துருத்திக்கொண்டிருக்கும். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் செல்கள் சிலவற்றின் மேல் ஏஸ்-2 என்ற புரதம் இருக்கிறது. ஸ்பைக் அதைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. நுழைந்த பிறகு செல்லின் சொந்த இயந்திரங்களை வைத்தே தன் பிரதிகளை அச்சடிக்கிறது. வைரஸ் கொண்டுவருவது சுமார் 30,000 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. என்ற மரபுக் குறிப்பு, அதைப் படித்துப் புரதம் செய்துகொடுப்பது நம்முடைய செல்.

சாதாரணமாக ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்தால் அந்த செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியிட்டுப் பக்கத்துச் செல்களை எச்சரிக்கும், அந்த எச்சரிக்கையைத் தொடர்ந்துதான் காய்ச்சல், உடம்புவலி, சோர்வு எல்லாம் வரும். இந்த வைரஸிடம் அந்த எச்சரிக்கையை அமுக்கி வைக்கும் புரதங்கள் இருக்கின்றன. அதனால் முதல் சில நாட்களில் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் மளமளவென்று பெருகிக்கொண்டிருக்கும், ஆளோ எந்தக் குறையும் இல்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்கே தெரியாது.

பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகப் பார்த்தது. தடுப்பூசி போடாத, ஆரோக்கியமான இளம் தன்னார்வலர்கள் 36 பேரின் மூக்கில், அவர்கள் சம்மதத்தோடு, மிகச் சிறிய அளவு வைரஸை வைத்தார்கள். 18 பேருக்குத் தொற்றியது. வைரஸ் முதலில் தொண்டையில் தென்பட்டது, இரண்டு நாளுக்குள்ளேயே. பிறகு மூக்கில் அதைவிட அதிகமாக ஏறியது. ஐந்தாம் நாள் வாக்கில் உச்சம். இதில் மறக்கக்கூடாத ஒரு முடிவு, யாருக்கு வைரஸ் அதிகம் இருந்ததோ அவருக்குத்தான் தொந்தரவும் அதிகம் என்று இல்லை. லேசாக மூக்கு ஒழுகியவரிடமும் ஏராளமான வைரஸ் இருந்தது. "எனக்கு லேசாகத்தான் இருக்கிறது, அதனால் என்னிடமிருந்து பரவாது" என்று பலர் நினைத்ததற்கு ஆதாரமே இல்லை.

2003-இல் நின்றது, 2020-இல் ஏன் நிற்கவில்லை

இதே குடும்பத்தைச் சேர்ந்த சார்ஸ் வைரஸ் 2002 கடைசியில் கிளம்பியது. 8,098 பேருக்குத் தொற்றி 774 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவர். அது கோவிட்டைவிட மிகக் கொடிய விகிதம். ஆனாலும் அதற்குத் தடுப்பூசி எதுவும் இல்லாமலே 2003 ஜூலையில் பரவல் அடங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

காரணம் நாள்கணக்கு. சார்ஸில் அறிகுறி வந்த பிறகு, சுமார் பத்தாம் நாள் வாக்கில்தான் வைரஸ் உச்சத்துக்குப் போனது. அதற்குள் நோயாளி படுத்த படுக்கையாகி மருத்துவமனைக்குப் போயிருப்பார். காய்ச்சல் உள்ளவர்களைக் கண்டுபிடித்துத் தனியே வைத்தாலே சங்கிலி அறுந்துவிடும். வெப்பமானியை வைத்தே ஒரு கொள்ளைநோயைத் தடுக்க முடிந்தது.

கோவிட்டில் உச்சம் அறிகுறி தொடங்கும் நாளை ஒட்டியே வந்துவிடுகிறது, பரப்பும் காலம் அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வாளர்கள் 2021 தொடக்கத்தில் வெளியிட்ட மாதிரிக் கணக்கில், மொத்தப் பரவலில் 59% அறிகுறி இல்லாதவர்களிடமிருந்து நடப்பதாக வந்தது. அதில் 35% இனிமேல் அறிகுறி வரப்போகிறவர்கள், 24% கடைசி வரை அறிகுறியே வராதவர்கள். நுழைவாயிலில் நின்று நெற்றியில் வெப்பமானி பிடிப்பதால் இந்தச் சங்கிலியை அறுக்க முடியாது.

ஒரு நுணுக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன தன்னார்வலர் ஆய்வில், அறிகுறி தெரிவதற்கு முன்பு காற்றில் வெளிவந்த வைரஸ் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முரண்பாடு மாதிரித் தோன்றும். ஆனால் அந்தத் தன்னார்வலர்கள் தனித்தனி அறையில் இருந்துகொண்டு ஒரு நாளைக்கு மூன்று முறை உட்கார்ந்து தொண்டை கரகரப்பா, மூக்கு அடைப்பா என்று கவனித்துக் குறித்தவர்கள். வெளியே வேலை வெட்டியோடு ஓடுகிறவர் அந்தக் கரகரப்பைக் குளிர்காற்று என்றோ தூசி என்றோ சொல்லி விட்டுவிடுவார். "அறிகுறிக்கு முன்பே பரவியது" என்று சொல்லப்பட்டதில் ஒரு பகுதி, "அறிகுறி என்று மதிக்கப்படாத நாளில் பரவியது". அப்படிப் பார்த்தால் முதல் நாள் தொண்டை உறுத்தலுக்கே ஒதுங்கியிருப்பது நாம் நினைப்பதைவிடப் பெரிய பலன் தரும்.

காற்று வழியே: இவ்வளவு தாமதமாக ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை

பேசும்போது, பாடும்போது, சும்மா மூச்சு விடும்போதுகூட வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஈரத் துகள்கள் வருகின்றன. பெரிய துளிகள் சில விநாடிகளில் தரையில் விழும். சில மைக்ரான் அளவே உள்ள நுண்துகள்கள் விழாமல் மிதக்கும். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவற்றின் நடத்தை சிகரெட் புகை மாதிரி: புகைப்பவருக்குப் பக்கத்தில் அடர்த்தியாக இருக்கும், மூடிய அறையில் நேரம் ஆக ஆக எல்லா மூலையிலும் சேரும், திறந்த வெளியில் சீக்கிரம் கலைந்துவிடும்.

2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கோவிட்-19 காற்று வழியே பரவுவதில்லை என்று சமூக வலைதளத்தில் அழுத்தந்திருத்தமாகப் பதிவிட்டது. அதற்குச் சில வாரம் முன்பு, மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சிக்குக் கூடியிருந்தது. வந்தவர்கள் 61 பேர், அவர்களில் ஒருவருக்கு லேசான சளி அறிகுறி. பரிசோதனையில் உறுதியானவர்களையும் அறிகுறியை வைத்து கோவிட்டாகக் கருதப்பட்டவர்களையும் சேர்த்தால் மேலும் 52 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். ஒரு மாலை நேரத்தில், ஒரே ஆளிடமிருந்து. எல்லோரும் அவருக்கு எதிரே நின்று இருமலை வாங்கிக்கொண்டிருக்க முடியாது. அறையின் காற்றையே எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள்.

2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து காற்றுவழிப் பரவலை ஏற்கச் சொல்லி வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். அதன் பிறகும் வழிகாட்டுதல்கள் மெதுவாகத்தான் மாறின. அந்தத் தாமதத்துக்கு மக்கள் கொடுத்த விலை பெரிது என்பதே என் கருத்து, ஏனென்றால் அந்த மாதங்களில் உலகமே பால் பாக்கெட்டைக் கழுவிக்கொண்டும் மேஜையைத் துடைத்துக்கொண்டும் இருந்தது, ஜன்னலைத் திறக்கச் சொல்ல ஆள் இல்லை. தொட்ட பொருளால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது 2021 ஏப்ரலில். கை கழுவுவது வேறு பல நோய்களுக்கு நல்லது, அதை விடச் சொல்லவில்லை. இந்த நோய்க்கு முதல் வரிசைத் தடுப்பு அது இல்லை.

காற்று என்று ஏற்றுக்கொண்டால் நடைமுறை தானாகவே வரும்:

1. இடைவெளி மட்டும் போதாது. ஆறடி தள்ளி இருந்தாலும் மூடிய அறையில் இரண்டு மணி நேரம் இருந்தால் அந்த ஆறடிக்குப் பெரிய மதிப்பு இல்லை.

2. நேரம் முக்கியம். உள்ளே போகும் வைரஸின் அளவு, காற்றில் உள்ள அடர்த்தியும் அங்கே இருந்த நேரமும் சேர்ந்து தீர்மானிப்பது.

3. குரல் முக்கியம். உரக்கப் பேசுவதும் பாடுவதும் மௌனமாக இருப்பதைவிடப் பல மடங்கு துகள்களை வெளியேற்றும்.

4. முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்தும் என்-95 கவசம் நுண்துகளையும் பிடிக்கும். "வைரஸ் 0.1 மைக்ரான், வலைக்கண் அதைவிடப் பெரிது, அப்புறம் எப்படித் தடுக்கும்?" என்ற கேள்வி இன்றும் சுற்றுகிறது. முதலில், வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை, ஈரத் துகளுக்குள் இருந்துதான் வருகிறது. இரண்டாவது, அந்தக் கவசம் சல்லடை மாதிரி சலிப்பதில்லை. அதன் இழைகளில் மின்னேற்றம் இருக்கிறது, துகள்கள் இழைகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன.

எல்லோரும் ஒரே அளவில் பரப்புவதில்லை

ஆர் எண் என்று ஒன்றைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்ற கணக்கு அது. யாருக்கும் எதிர்ப்பு சக்தி இல்லாத கூட்டத்தில் முதல் வகை கோவிட்டுக்கு 2 முதல் 3, தட்டம்மைக்கு 12 முதல் 18 என்று சொல்வார்கள். ஆனால் சராசரி இங்கே ஏமாற்றும். தொற்றியவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர்தான் சுமார் 80 சதவீதப் பரவலுக்குக் காரணம். பலர் ஒருவருக்குக்கூடப் பரப்புவதில்லை. தன்னார்வலர் ஆய்விலும் காற்றில் வெளிவந்த வைரஸில் 86% வெறும் இரண்டு பேரிடமிருந்து வந்தது. அதனால் "எங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்தும் மற்றவர்களுக்கு வரவில்லை, இதெல்லாம் பெரிதாகப் பரவாது" என்ற அனுபவமும் உண்மை, பாடகர் குழுவில் நடந்ததும் உண்மை.

அறிகுறிகள் எங்கிருந்து வருகின்றன

காய்ச்சல் மூளை போடும் உத்தரவு. எதிர்ப்பு அணுக்கள் விடும் ரசாயனச் செய்தி மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிக்குப் போய், அது உடம்பின் வெப்ப அளவை உயர்த்துகிறது. உடம்புவலி, தலைவலி, சோர்வு எல்லாம் அதே செய்திகளின் விளைவு. வயதானவர்களுக்கு இந்தப் பதில் மந்தமாக இருப்பதால் காய்ச்சலே இல்லாமல் திடீர்க் குழப்பம், சாப்பிட மறுப்பது, தடுமாறி விழுவது என்று நோய் வேறு முகத்தில் வரலாம். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வாசனை போவதற்குக் காரணம் மூக்கடைப்பு என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் மூக்கு சுத்தமாக இருந்தவர்களுக்கும் வாசனை போனது. பிறகு தெரிந்தது, வாசனை நரம்புச் செல்களைத் தாங்கிப் பராமரிக்கும் துணைச் செல்களில்தான் ஏஸ்-2 இருக்கிறது. துணைச் செல்கள் பாதிக்கப்பட்டால் நரம்புச் செல் இருந்தும் வேலை செய்யாது. துணைச் செல்கள் மீண்டும் வளரக்கூடியவை, அதனால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பியது. ஒமிக்ரான் வகை வந்த பிறகு இந்த அறிகுறி வெகுவாகக் குறைந்து தொண்டைவலியும் மூக்கு ஒழுகலும் முன்னுக்கு வந்தன. "வாசனை தெரிகிறது, ஆகவே கோவிட் இல்லை" என்று இன்று சொல்ல முடியாது.

இருமல், சளி, வயிற்றுப்போக்கு எல்லாம் வேறு பல வைரஸ்களுக்கும் பொது. அறிகுறியை மட்டும் வைத்து ஃப்ளூவா கோவிட்டா என்று பிரிக்க மருத்துவராலும் முடியாது. பரிசோதனைதான் வழி.

இரண்டாவது வாரம்

எட்டாம் நாள் மூச்சுத்திணறலுக்கு இப்போது வரலாம். 2020-இல் யாருக்கும் எதிர்ப்பு சக்தி இல்லாதபோது, நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் ஆக்சிஜன் தேவைப்படாமல் தேறினார்கள், 15 பேருக்கு நோய் தீவிரமானது, 5 பேருக்கு உயிர் ஆபத்து வரை போனது. அந்தத் திருப்பம் பலருக்கு அறிகுறி தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வந்தது. இதில் விசித்திரம், அந்த நேரத்தில் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் குறைந்துகொண்டிருக்கும். அப்புறம் ஏன் நிலைமை மோசமாகிறது? முதலில் அமுக்கி வைக்கப்பட்ட எதிர்ப்பு, தாமதமாக விழித்துக்கொண்டு அளவு மீறிப் பாய்வதால். நுரையீரலின் காற்றுப்பைகள் வீங்கி, உள்ளே திரவம் கசிந்து, ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போக முடியாமல் ஆகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தமும் உறைகிறது.

டெக்ஸாமெத்தசோன் கதை இதற்குச் சரியான சாட்சி. இது வீக்கத்தைத் தணிக்கும் பழைய, மலிவான ஸ்டீராய்டு. பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் வெளியிட்ட முடிவுப்படி, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ எந்தப் பலனும் இல்லை, கெடுதல் செய்திருக்கவும் வாய்ப்பு உண்டு. முதல் நாட்களில் வைரஸோடு போராட வேண்டிய எதிர்ப்பை ஸ்டீராய்டு அமுக்கிவிடும் என்பதால் அது எதிர்பார்க்கக்கூடியதே. வைரஸைத் தடுக்கும் மாத்திரைகளுக்கு நேர் எதிர்க் கணக்கு: அறிகுறி வந்த முதல் ஐந்து நாளுக்குள் கொடுத்தால்தான் பயன். காய்ச்சல் வந்த அன்றே யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு வாங்கி விழுங்குவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும்.

இன்னொன்று, ஆக்சிஜன் அளவு நன்றாக இறங்கிய பிறகும் சிலருக்கு மூச்சுத்திணறல் உணர்வே வராது. மூச்சு வாங்கும் தவிப்பைப் பெரும்பாலும் தூண்டுவது ரத்தத்தில் கார்பன் டையாக்சைடு சேர்வதுதான், ஆக்சிஜன் குறைவதல்ல. இந்த நோயில் கார்பன் டையாக்சைடு வெளியேறிக்கொண்டே இருக்கும், ஆக்சிஜன் மட்டும் குறையும். அதனால்தான் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உதவியது. அதற்கும் ஒரு எல்லை உண்டு: கருமையான தோலில் அந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எண் சரியாக இருந்தும் ஆள் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, எண்ணை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

டெஸ்ட் ஏன் மாற்றி மாற்றிச் சொல்கிறது

பிசிஆர் வைரஸின் ஆர்.என்.ஏ.-வைப் பல கோடி மடங்கு பெருக்கித் தேடுகிறது. அதனால் மிகக் கொஞ்சம் இருந்தாலும் கண்டுபிடிக்கும், ஆள் தேறிய பிறகு, செத்துப்போன வைரஸின் துணுக்குகள் மட்டும் மிச்சமிருந்தாலும் சில வாரம் பாசிட்டிவ் காட்டும். வீட்டில் செய்யும் ஆன்டிஜென் டெஸ்ட் பெருக்குவதில்லை. வைரஸ் புரதம் நிறைய இருந்தால்தான் கோடு விழும். தொற்றிய மறுநாளே எடுத்தால் இரண்டுமே நெகட்டிவ் வரலாம். நெகட்டிவ் என்பதற்கு "இந்த நேரத்தில், இந்த மாதிரியில் அகப்படவில்லை" என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. அறிகுறி இருந்தால் இரண்டு நாள் விட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

தடுப்பூசி போட்டும் வந்ததே?

வைரஸைப் பற்றித் தடுக்க ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடி என்ற புரதம் சில மாதங்களில் குறையும், வைரஸும் ஸ்பைக்கை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் வைரஸை அடையாளம் நினைவில் வைத்திருக்கும் எதிர்ப்பு அணுக்களான நினைவுச் செல்கள் மிஞ்சியிருக்கும். அவை விழித்து முழு வேகம் எடுக்கச் சில நாள் ஆகும். ஒமிக்ரானின் அடைகாலமோ சுமார் 3 நாளாகச் சுருங்கிவிட்டது. ஆக மூக்கில் தொற்றுவதைத் தடுக்க நேரம் போதவில்லை. நுரையீரல் பாழாவதற்குள் வந்து சேர நேரம் இருந்தது. தொற்றைத் தடுப்பதில் பலம் குறைந்தும் இறப்பைத் தடுப்பதில் தடுப்பூசி நிலைத்து நின்றது இப்படித்தான்.

நீடிக்கும் கோவிட்

சிலருக்கு வைரஸின் நாள்கணக்கும் உடம்பின் நாள்கணக்கும் முடிந்த பிறகும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. தொற்றிய மூன்று மாதத்துக்குப் பிறகும் இருக்கும், குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கும், வேறு காரணம் சொல்ல முடியாத தொந்தரவு என்று உலக சுகாதார நிறுவனம் இதை வரையறுத்தது. கடும் சோர்வு, மூச்சு வாங்குதல், கவனம் சிதறுதல், கொஞ்சம் உழைத்தாலே மறுநாள் படுத்துவிடும் நிலை. முதலில் நோய் லேசாக வந்தவர்களுக்கும் இது வந்திருக்கிறது. இவர்களிடம் "எல்லாம் மனசுதான்" என்று சொல்வது அநியாயம்.

அடுத்த வைரஸ் செய்தியில் எதைத் தேடுவது

புதிய சுவாச வைரஸ் என்றதும் தலைப்பில் வருவது இறப்பு விகிதம். பறவைக் காய்ச்சலின் எச்5என்1 வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். 2003-க்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்துக்குப் பதிவானவர்கள் 900-க்கும் மேல், அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தார்கள். இவ்வளவு கொடியதாக இருந்தும் அது பெருந்தொற்று ஆகவில்லை, ஏனென்றால் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து தாவும் திறன் அதற்கு வரவில்லை. கேட்க வேண்டியவை வேறு: மனிதருக்குள் சங்கிலியாகப் பரவுகிறதா, காற்று வழியா, அறிகுறிக்கு முன்பா பின்பா, லேசாக வருபவர்கள் எத்தனை பேர். ஆய்வகங்களில் புதிய ஃப்ளூ வகைகளை ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்கிடம் சோதிப்பதும் இதற்காகத்தான். இரண்டு கூண்டுகளைத் தொட முடியாத தூரத்தில் வைத்து, இடையில் காற்று மட்டும் போய்வர விட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொற்றுகிறதா, தொற்றினால் எத்தனையாவது நாளில் என்று பார்க்கிறார்கள்.